கசப்புத் தண்ணீர் வீட்டு மருமகன்

வில்பர்ட் கிளா தன் மாமியாரைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்ததில்லை. மனஸ்தாபம் ஏதும் கிடையாது. பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். இந்தப் பாலைநிலத்துப் பழங்குடிகளான தினே மக்களின் பேச்சில் மாமியாருக்கு உள்ள பெயரே 'பார்க்கக்கூடாதவள்' என்பதுதான். பார்த்தால் கண் போய்விடும் என்பார்கள். கண் போகிறதோ இல்லையோ, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத மாமியாரும் மருமகனும் சண்டை போட்டதாக இந்தப் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாராக இருந்தாலும் அவர் கல்யாணமானவர்தான்.

வில்பர்ட் வீட்டோடு மாப்பிள்ளை. இங்கே எல்லோரும் அப்படித்தான். ஆண்பிள்ளை தன் சேணத்தையும் இரண்டு சட்டையையும் எடுத்துக்கொண்டு பெண்டாட்டியின் தாய்வீட்டு நிலத்துக்கு வந்துவிட வேண்டியது. அவன் வந்து சேர்ந்த இடம் ஓநாய்ப்பல் மலையின் அடிவாரம். மாமியார் கிளெனபா அட்டகாயின் எட்டு மூலை மரவீடு மலையை ஒட்டி இருக்கிறது. வில்பர்ட்டும் மனைவி லோரிண்டாவும் இருக்கும் வீடு அரை மைல் தள்ளி, நடுவில் ஒரு மண்மேடு மறைக்கும்படி அமைந்தது. அந்த மேட்டைப் பார்த்துத்தான் இடமே பிடித்தார்கள். வீட்டுச் சுவரில் கிளெனபாவின் போட்டோ ஒன்று உண்டு. கல்யாணத்தன்றே லோரிண்டா அதைத் திருப்பி மாட்டிவிட்டாள். பத்தொன்பது வருடமாக அந்தச் சட்டத்தின் முதுகு அட்டைதான் அவனுக்கு மாமியார்.

இங்குள்ள எல்லா வீட்டு வாசலையும்போல கிளெனபா வீட்டு வாசலும் கிழக்கே பார்த்தது. ஆகவே மேற்குப்பக்கம் மருமகனுக்கு. சனிக்கிழமைதோறும் காலையில் டில்கான் ஊர்ப் பொதுக்குழாயில் வண்டித்தொட்டியை நிரப்பிக்கொண்டு வருவான். வழியில் தண்ணீர் இறைக்கும் கடைசிக் காற்றாடியைத் தாண்டியதும் மூன்று முறை ஹாரன் அடிப்பான். அவள் வீட்டுக்குள் போய்விடுவாள், அல்லது ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் நகர்ந்துவிடுவாள். அவன் மேற்குச் சுவரோரம் வண்டியை நிறுத்தி, அங்கே வரிசையாக நிற்கும் நான்கு நீலப் பீப்பாய்களிலும் குழாய்விட்டு நிரப்புவான். முதல் பீப்பாயின் மூடிமேல் துணியில் சுற்றிய ரொட்டி சூடாக இருக்கும். சில வாரம் தணலில் வாட்டிய ஆட்டு விலா. எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் ஒரு டப்பா காப்பித்தூளோ, கோடாலிக்குப் புதுப்பிடியோ வைத்துவிட்டுப் போவான். மாமியாருக்கும் மருமகனுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்த மூடியின் மேல்தான்.

முகம் தெரியாதே ஒழிய மற்றதெல்லாம் தெரியும். கொடியில் காயும் சிவப்புத் தலைத்துணி தெரியும். புகைபோக்கியில் வரும் புகையை வைத்தே இன்று அவளுக்கு முழங்கால் வலியா இல்லையா என்று சொல்லிவிடுவான். வலி இருக்கும் நாளில் விறகைப் பிளக்காமல் முழுசாகச் செருகுவாள், புகை கருப்பாக வரும். ஆடுகளை அவள் திட்டுகிற குரல் அரை மைலுக்குக் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குவளை தெரியும். நீல எனாமல், வெள்ளைப் புள்ளி, விளிம்பில் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்து கருத்திருக்கும். மலைச்சரிவில் உள்ள ஊற்றங்கரையில் ஒரு ஜூனிபர் மரக்கிளையில் அது தொங்கும். மாமியாரைப் பற்றி யாராவது பேசினால் அவன் மனதில் வந்து நிற்பது அந்தக் குவளைதான்.

வில்பர்ட்டின் வேலை காற்றாடி வேலை. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் காற்றாடிகளைப் பழுது பார்ப்பது. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, அதே கிரீஸ் வாடை. முப்பதடி உயரத்தில் ஏறி நின்றுகொண்டு, காற்றில் தொப்பி பறக்காமல் வாயில் கவ்விக்கொண்டு, பல்சக்கரப் பெட்டிக்கு எண்ணெய் விடுவான். கிணற்றுக்குள் இருந்து கம்பியை இழுத்துத் தேய்ந்த தோல் வாஷரை மாற்றுவான். மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். ஊர் என்றால் வீடுகளைச் சொல்லவில்லை, மலைகளைச் சொல்கிறேன். மஞ்சள் தரையில் கருப்பு கருப்பாக அறுபது எழுபது மலைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், கோபித்துக்கொண்டு தள்ளித்தள்ளி நிற்கிற பங்காளிகளைப் போல.

இவை வளர்ந்த மலைகள் அல்ல. எப்போதோ தீயைக் கக்கிய எரிமலைகளின் தொண்டையில் சிக்கி இறுகிய குழம்பு. சுற்றியிருந்த உடம்பையெல்லாம் காற்றும் மழையும் தின்றுவிட, தொண்டை மட்டும் வெட்டவெளியில் நிற்கிறது. எல்லா வாயும் இப்படி மலையாகிவிடவில்லை. சில அணைந்த பிறகு ஏரியாகி, ஏரி வண்டலாகி, வெள்ளையும் பச்சையுமாகக் களிமண் படுகையாகிவிட்டன. கருங்கல் வெடிப்பு வழியாக இறங்குகிற பனித்தண்ணீரும் ஆடிமாத இடிமழைத் தண்ணீரும் இந்தக் களிமண் வரைக்கும் வரும். அதற்குக் கீழே போக அது விடாது. பக்கவாட்டில் ஊர்ந்து, கருப்பும் வெள்ளையும் சேருகிற தையலில் கசியும். ஆகவே தண்ணீர் வேண்டுமானால் மலை உச்சியைப் பார்க்கக்கூடாது, தையலைத் தேட வேண்டும். வில்பர்ட் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இருப்பதிலேயே பெரிய மலையடியில் தொள்ளாயிரம் அடி துளை போட்டுத் தூசி மட்டும் எடுத்த கூட்டத்தில் அவனும் ஒருவன். "மலையோட அழகைப் பாத்துத் தோண்டிட்டோம்" என்று இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான். அழகைப் பார்த்துக் காரியம் செய்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பிறகு சிரிக்கிறார்கள்.

ஓநாய்ப்பல் மலை பார்க்க ஒன்றுமில்லை. சொத்தைப் பல்தான். ஆனால் அதன் தையலில் இரண்டு விரல் கனத்துக்குத் தண்ணீர் வருகிறது. 'சுவரிலிருந்து இறங்கும் தண்ணீர்' என்று பெயர். மழை அடியோடு பொய்த்த அந்த மூன்று வருடம் ஏழு காற்றாடிகள் மணலை இறைத்தன. குதிரைகள் வறண்ட குட்டையில் கால் புதைந்து செத்தன. இந்த இரண்டு விரல் தண்ணீர் நிற்கவில்லை. கிளெனபா அதை வைத்துத்தான் பிள்ளைகளையும் மந்தையையும் காப்பாற்றினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஊற்றுக்குப் போய், மக்காச்சோள மகரந்தம் ஒரு சிட்டிகை காணிக்கையாகப் போட்டு, ஒரு குவளை குடித்துவிட்டு வருவாள். போய்ப் பார்க்காத தண்ணீர் வேறு இடம் பார்த்துப் போய்விடும் என்பது இங்கே எல்லோரும் அறிந்தது. முயல்காது மலைக்காரர்கள் டவுனுக்குக் குடிபோனார்கள், நாலே வருடத்தில் அவர்கள் ஊற்று இல்லை. அது வறட்சியால் என்று நீங்கள் சொல்லலாம். ஊற்றுக்கு மனசு விட்டுப்போனது என்று இவர்கள் சொல்வார்கள்.

போன வருடம் தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் வந்தார்கள். கிணறு கிணறாக, ஊற்று ஊற்றாகப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. எரிமலைப் பாறையிலிருந்து ஆர்சனிக் இறங்குகிறதாம். சில இடத்தில் கொஞ்சம், சில இடத்தில் ஜாஸ்தி. ஜாஸ்தியாக இருக்கும் இடத்தில் 'ஆடு மாட்டுக்கு மட்டும்' என்று பலகை அடிக்க வேண்டும். அங்கே குடியிருப்பவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்லிப் புரியவைக்க வேண்டும். இரண்டு வேலையும் வில்பர்ட் தலையில் விழுந்தது. பட்டியலில் கடைசி வரி, இருப்பதிலேயே மோசமானது, 'சுவரிலிருந்து இறங்கும் தண்ணீர்'. 

பலகையை அடித்துவிட்டான். அவள் மந்தையோடு தெற்கே போயிருந்த நேரம் பார்த்து அடித்தான். பலகையில் இருந்தது இங்கிலீஷ். கிளெனபாவுக்கு இங்கிலீஷ் எழுத்தும் ஆட்டுக் காலடியும் ஒன்று. எனவே வாயால் சொல்லியாக வேண்டும். அங்கேதான் சிக்கல்.

ஆர்சனிக் என்பதற்கு இவர்கள் பேச்சில் சொல் கிடையாது. விஷம் என்று சொல்லலாம், ஆளைக் கொல்லும் என்று சொல்லலாம். ஆனால் கெட்டதை வாயால் சொன்னால் அது வந்துவிடும். மலைப்பாதையில் வழுக்கும் என்று சொல்கிறவன் நீ விழுவாய் என்று சொல்லமாட்டான். 'விழாமல் இருப்பது நல்லது' என்பான். அதுவும் பெண்ணைக் கொடுத்த மகராசியிடம் போய்ச் சாவைப் பற்றிப் பேசுவதா? வில்பர்ட் இரண்டு நாள் யோசித்தான். கிணற்றுக் கம்பியை இழுக்கும்போதுகூட உதடு அசைந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சொல்லைப் பிடித்தான். கசப்பு.

கிளெனபாவின் குலம் கசப்புத் தண்ணீர்க் குலம். எனவே அவள் மனம் கோணாது, தன் வீட்டுப் பேச்சுபோல் இருக்கும், விஷயமும் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டான். மச்சினன் எமர்சனைக் கூப்பிட்டான். எமர்சன் லோரிண்டாவின் தம்பி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், நாக்கில் நரம்பில்லாதவன்.

"உங்க அம்மாகிட்ட சொல்லு மாப்ளே. அந்தத் தண்ணி கசப்புத் தண்ணின்னு சோதிச்சவங்க சொல்றாங்க. இனிமே பீப்பாய்த் தண்ணியக் குடிக்கறதுதான் நல்லதுன்னு சொல்லு."

"கசப்புன்னா எவ்வளவு கசப்பு மச்சான்? அக்காவைக் கட்டிக்கிட்டியே, அவ்வளவா?"

"உப்புக் குலத்துக்காரன் நான். எனக்கு எல்லாம் ஒண்ணுதான். நீ போய்ச் சொல்லுடா."

எமர்சன் சொன்னான். கிளெனபா சிரித்தாளாம். "எங்க குலப்பேரை எனக்கே சொல்லி அனுப்பறாரா? மாப்பிள்ளைக்கு மரியாதை தெரியுது" என்றாளாம். எமர்சன் அதை அப்படியே வந்து சொன்னபோது வில்பர்ட் அதில் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டான். நைச்சியமாகப் பேசுகிறவனுக்கு வருகிற கேடு இதுதான். எதிரில் இருப்பவர் சிரித்தால் போதும், புரிந்துவிட்டது என்று நினைத்துவிடுவான்.

நினைக்கக் காரணமும் இருந்தது. பீப்பாய்கள் காலியாயின. முன்பெல்லாம் நான்கில் ஒன்றரை மிஞ்சும். இப்போது நான்கும் வறண்டு கிடக்கும். பிறகு வாரத்துக்கு இரண்டு நடை அடிக்க வேண்டியிருந்தது. அவன் முனகவில்லை. சந்தோஷமாக அடித்தான். "உங்க அம்மா ஒட்டகம் மாதிரி குடிக்கறாங்க" என்று லோரிண்டாவிடம் பெருமையாகச் சொன்னான். லோரிண்டா வின்ஸ்லோவில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறாள். வாரம் ஐந்து நாள் அங்கேயே தங்கல்.

சித்திரை மாதம். காற்று மண்ணை வாரி அடிக்கிற மாதம். ஆட்டுத்தொட்டியில் தண்ணீரைத் திறந்து மூடுகிற மிதவை ஒட்டிக்கொண்டது, பார்க்கச் சொல் என்று எமர்சன் மூலம் தகவல் வந்தது. மந்தை மேயப் போன நேரத்தில் வில்பர்ட் போய்க் குனிந்தான். தொட்டித் தண்ணீரிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. கையில் அள்ளி முகர்ந்தான். சந்தேகமே இல்லை, டில்கான் குழாய்த் தண்ணீர். நாற்பது மைல் சுமந்து வந்தது. இந்த ஆடுகள் குடித்திருக்கின்றன, வாரத்துக்கு எட்டு பீப்பாய்.

சரிவில் ஏறிப் போனான். பலகையின் மேல் யாரோ சிவப்புத் தலைத்துணியைக் காயப்போட்டிருந்தார்கள். மரக்கிளையில் குவளை தொங்கிற்று. உள்ளே ஈரம்.

அவன் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. ஆட்டுக்கு நல்ல தண்ணீரும் ஆளுக்கு விஷத்தண்ணீருமாக எட்டு மாதம் ஊழியம் செய்திருக்கிறான். 

வெள்ளிக்கிழமை லோரிண்டா வந்ததும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, வேறு ஏதோ நினைப்பில் இருப்பவள்போலத் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"அம்மா கையில சோளமுத்து மாதிரி கெட்டி கெட்டியா வந்திருக்கு. ரெண்டு கையிலயும். கால்லயும் இருக்காம். கேட்டா, ரோமம் கத்தரிக்கற கத்திரி பட்டுக் காச்சுப்போச்சுங்கறா."

"கால்லயுமா கத்திரி பிடிக்கறாங்க?" என்றான் வில்பர்ட். சொன்ன பிறகுதான் அவனுக்கே சுருக்கென்றது. பட்டியலோடு வந்த தாளில் உள்ளங்கை, உள்ளங்கால் என்று ஒரு வரி இருந்தது. அடுத்த வரியில் என்ன இருந்தது என்பதையும் அவன் படித்திருந்தான்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"நீ சொல்லு. உன் அம்மா" என்றான் வில்பர்ட் மனைவியிடம்.

"அந்த வார்த்தையை என் வாயால எங்கம்மாவுக்குச் சொல்லமாட்டேன். பெத்தவளைப் பாத்துச் சாவேன்னு சொல்றதா?"

"எமர்சன்?"

"நான் சொல்லி, நாளைக்கு அவங்களுக்கு ஒண்ணுன்னா, என் வாய்தான் இழுத்துட்டு வந்துச்சுன்னு ஊரே சொல்லும். நானே சொல்லுவேன். குடிக்காதேம்மான்னு வேணா கெஞ்சறேன்." எமர்சன் வழக்கமாகப் பேசுகிறவனாக இல்லை. "நேத்தே கெஞ்சிட்டேன். எல்லாத் தண்ணியும் தண்ணிதான்டா, இது நம்ம பேர் வச்ச தண்ணிங்கறா. பீப்பாய்த் தண்ணி ஆட்டுக்கு இருக்கட்டுங்கறா. கசப்புன்னு மாப்பிள்ளையே சொல்லிட்டாராம். குலத்தையே புகழ்ந்துட்டாராம்."

கரண்டி வில்பர்ட் கையிலேயே நின்றுவிட்டது. பழி எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அவனுக்கு விளங்கியது. வேறு யாரும் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துப் பொறுக்கியவன் அவன்.

"அப்ப நான்தான் சொல்லணும்" என்றான்.

"நீயா? நீ எப்பிடிப் போவே அவங்க முன்னால?" என்றாள் லோரிண்டா.

"முன்னால போகமாட்டேன்."

மறுநாள் காலை கடைசிக் காற்றாடியைத் தாண்டியதும் மூன்று முறை ஹாரன் அடித்தான். மேற்குச் சுவரோரம் நிறுத்தினான். பீப்பாய்களை நிரப்பினான். ரொட்டியை எடுத்துக்கொண்டான். வழக்கமாக அதோடு கிளம்பிவிடுவான். இன்று எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியின் பின்பலகையை இறக்கி, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து உட்கார்ந்தான். மரச்சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. போகாத வண்டி அவளுக்கும் புதுசு.

மாமியாரின் நாய் வந்து அவன் பூட்ஸை முகர்ந்தது. அதன் பெயர் மோசி. மோசி என்றால் இவர்கள் பேச்சில் பூனை. குட்டியாக இருந்தபோது பூனை மாதிரி இருந்ததாம். இப்போது ஓநாய் மாதிரி இருக்கிறது, பெயர் மாறவில்லை.

மகளுக்குச் சொல்வதுபோல் மருமகளுக்குச் சொல்லு என்று நாம் சொல்வோம். வில்பர்ட்டுக்குக் கிடைத்தது நாய்.

"மோசி" என்றான் உரக்க. "உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

நாய் வாலை ஆட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. ஆடுகளைத் திட்டும் குரல்தான், ஆனால் தணிவாக.

"மோசி, அந்த மனுஷனுக்கு வண்டி ரிப்பேரான்னு கேளு."

"வண்டி நல்லாத்தான் இருக்கு மோசி. நான்தான் ரிப்பேர். எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேன். தப்பான வார்த்தை. கசப்புன்னு சொன்னேன். அந்தத் தண்ணி கசக்கவே கசக்காது. கசந்தாத்தான் நாம துப்பிடுவமே."

"மோசி, எனக்கு அறுபத்தி நாலு ஆகுதுன்னு சொல்லு. நாப்பது வருஷம் அதைத்தான் குடிச்சேன். அந்த மூணு வருஷம் அவரு காத்தாடியெல்லாம் மணலைக் கக்கிச்சே, அப்ப யாரு தண்ணி குடுத்தாங்கன்னும் கேளு."

"அந்த ஊத்துதான் குடுத்துச்சு. இல்லேங்கல." அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "குடுத்ததும் அதுதான். கையில சோளமுத்து போட்டதும் அதுதான். மோசி, உன் எஜமானியம்மாளோட உள்ளங்கைய நீதான் தினம் நக்கறே. உனக்குத் தெரியும்."

 காற்று மணலை அள்ளி பீப்பாய்களின் மேல் அடித்தது. அவனுக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. சொல்லவேண்டியதைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருக்கிறான், சொல்லவில்லை. திரும்பவும் ஒரு நல்ல சொல்லாகப் பொறுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டால் இன்னொரு எட்டு மாதம். நாயின் கழுத்து ரோமத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"அந்தத் தண்ணி ஆளைக் கொல்லும், மோசி. மெதுவாக் கொல்லும். கொல்லும்னு சொல்லிட்டேன். அது என் வாய்க்கு வரட்டும், இந்த வீட்டுக்கு வர வேணாம்." குரல் உடைந்தது. அதை மறைக்க அவன் முயலவில்லை. "பத்தொன்பது வருஷமா ஒருத்தங்களைப் பாக்காம இருக்கேன். பாக்காம இருக்கறது லேசுன்னு நினைக்கறியா? ஹாரன் அடிக்கணும், மேற்கால நிக்கணும், போட்டோவைத் திருப்பணும். அவங்க அந்தப் பக்கம் இருந்தாத்தான் நான் இந்தப் பக்கம் பாக்காம இருக்க முடியும். ஒரு நாள் பெட்டியில வச்சு, எல்லாரும் வந்து கடைசியாப் பாத்துக்குங்கன்னு கூப்பிடுவாங்க. நானும் போய் நிக்கணும். அவங்க முகத்தை மொதமொதலா நான் அப்பிடிப் பாக்கமாட்டேன், மோசி. என்னால ஆகாது."

சொல்லி முடித்ததும் நாயின் ரோமத்தை விட்டான்.  ஓநாய்ப்பல் மலையின் கருப்பும் வெள்ளையும் சேருமிடத்தில் ஈரம் ஒரு கோடாக மினுங்கியது. இவ்வளவு பேச்சு நடந்தும் அது தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மோசி. நான் போகலேன்னா அந்தத் தண்ணி என்ன நினைக்கும்னு அவரைக் கேளு. எவ்வளவோ குடுத்த தண்ணி. இன்னிக்கு நீ ஆகாதுன்னு ஒதுங்கினா, அது எங்க போகும்?"

 பட்டியலோடு வந்த தாளில் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் அவன் காற்றாடிக்காரன். தண்ணீர் ஓரிடத்தில் நிற்க என்ன வேண்டும் என்று யோசிப்பதுதான் அவன் பிழைப்பு.

"நான் போறேன். வாரா வாரம் நான் போய்ப் பாத்துக்கறேன். வண்டல் எடுத்துவிடறேன், மகரந்தம் போடறேன். ஆடு குடிக்கட்டும். உறவு விட்டுப்போகாது" என்றான்.

"உப்புக் குலத்தானை அதுக்குத் தெரியாதே, மோசி."

"தெரிஞ்சுக்கட்டும்."

 அவன் எஞ்சினைப் போட்டான். வழியெல்லாம் கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது. மணல்தான் காரணம் என்று நினைத்தான். பிறகு, மணல் மட்டும் இல்லை என்று ஒப்புக்கொண்டான். மேட்டுக்கு இந்தப் பக்கம் காத்திருந்த எமர்சன் ஓடிவந்து அவன் முகத்துக்கு நேரே கையை நீட்டினான்.

"மச்சான், எத்தனை விரல்?"

"மூணு. ஒண்ணுல நகம் அழுக்கு."

"கண்ணு இருக்கு" என்று எமர்சன் வீட்டுக்குள் பார்த்துக் கத்தினான். லோரிண்டா கதவில் வந்து நின்றாள்.  அவன் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறான் என்பதை ஊகித்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க வில்பர்ட் காற்றாடிகளில் ஏறும்போதெல்லாம் ஓநாய்ப்பல் மலை எந்தத் திசை என்று பார்த்துக்கொண்டான். என்ன தெரியும் அங்கிருந்து? சொத்தைப் பல் ஒன்று தெரியும். ஒரு சரிவில் சிவப்பாக ஏதாவது நகர்ந்தால் அது காலையில் குவளையைத் தேடிப் போகிற தலைத்துணி என்று அர்த்தம். மூன்று நாள் பார்த்தான். கண்ணைக் குறுக்கிப் பார்த்துவிட்டு, இது பார்ப்பதில் சேருமா சேராதா என்று குழம்பி, பார்ப்பதை விட்டான்.

சனிக்கிழமை வந்தது. ஹாரன் அடித்தான், மூன்று முறை. மேற்குச் சுவரோரம் இறங்கி, குழாயை எடுத்துக்கொண்டு முதல் பீப்பாயிடம் போனவன் அப்படியே நின்றான்.

பீப்பாயின் அடியில் உள்ள குழாய்த்திருகில் அந்தக் குவளை தொங்கிற்று. நீல எனாமல், வெள்ளைப் புள்ளி, விளிம்பில் கருத்த சில்லு. தொட்டுப் பார்த்தான். உள்ளே ஈரம்.

"மோசி" என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல். எரிச்சலாகத்தான் வந்தது. "அந்த மனுஷன்கிட்டச் சொல்லு. இந்தத் தண்ணி வாயில வைக்க முடியல. துணி துவைச்ச தண்ணி மாதிரி இருக்கு. ஏழு நாளாக் குடிக்கறேன்."

"மூடியைத் திறந்து ஒரு நாள் வச்சா வாடை போயிடும், மோசி" என்றான் வில்பர்ட். 

நான்கு பீப்பாய்களையும் நிரப்பிவிட்டுச் சரிவில் ஏறினான். ஊற்றங்கரையில் மரக்கிளை வெறுமையாக இருந்தது. பலகையின் மேல் தலைத்துணி இல்லை. அவன் முழங்காலிட்டு, வாரத்து வண்டலைக் கையால் வழித்து வெளியே போட்டான். சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து மகரந்தம் ஒரு சிட்டிகை தூவினான். பிறகு, புதுசாக ஒரு வீட்டுக்குப் போனால் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னான். "நான் உப்புக் குலம். அட்டகாய் வீட்டு மருமகன். கசப்புத் தண்ணி வீட்டுல பெண் எடுத்திருக்கேன். இனிமே நான்தான் வருவேன்."

தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கியது. கீழே ஆட்டுமணிச் சத்தம் கேட்டது. மந்தை பட்டியை விட்டுக் கிளம்பிவிட்டது. அதன் பின்னால் திட்டிக்கொண்டு ஒரு குரல் நடந்து வந்தது, நேரே இந்தச் சரிவுக்கு அடியில். தலையைத் திருப்பினால் போதும். வில்பர்ட் திருப்பவில்லை. ஈரக்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, கருப்பும் வெள்ளையும் சேருகிற தையலையே பார்த்துக்கொண்டு, மணிச்சத்தம் தாண்டிப் போகும்வரை உட்கார்ந்திருந்தான். இன்னும் நிறைய வருடம் இப்படியே பார்க்காமல் இருக்கவேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.